முட்டி தேஞ்சது வயசாலயா, மூட்டையாலயா?



நம்ம ஊரில் 45 வயசைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் முட்டியில் கை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்திருக்கிறோம்? கிளைக் கூட்டம் முடிந்ததும் 'ஜிந்தாபாத்' சொல்வதற்கு முன்னால் 'அம்மாடி' என்கிற சத்தம்தான் கேட்கிறது. இதை நாம் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். ஆனால் ஆலை முதலாளியும் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலும் இதை விடவில்லை. நம்முடைய முட்டி வலியை எடுத்து, நமக்கு எதிராகவே ஆயுதமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

நம் சங்க உறுப்பினர் ஒருவர். ஒண்ணரை ஏக்கர் மானாவாரி. மழை இருந்தால் மல்லாட்டை, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. அதனால் வருஷத்தில் பாதி நாள் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் அரிசி ஆலைக்கு லோடுமேன் வேலைக்குப் போவார். 2021 தை மாதம், 75 கிலோ மூட்டையோடு லாரிக்குப் பலகையில் ஏறும்போது பலகை நழுவி விழுந்தார். வலது முட்டி முறுக்கிக்கொண்டது. ஜவ்வு கிழிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயசு 50.

ஆலைக்காரர் என்ன செய்தார்? ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் மேஸ்திரி வீட்டுக்கு வந்து 5,000 ரூபாயைக் கையில் வைத்து, வெள்ளைத்தாளை நீட்டினார். "இனிமே எந்தப் பாத்தியதையும் இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுருப்பா." அவரும் போட்டார். வீட்டில் அரிசி இல்லாதவன் வேறு என்ன செய்வான்?

இதைப் படிக்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கையெழுத்து செல்லாது! காயத்துக்கான இழப்பீட்டு உரிமையை எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது என்று 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தை 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடக்கிவிட்டார்கள். அதிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. லாரியில் ஏற்றுவதும் இறக்குவதும் சட்டத்தின் பட்டியலில் உள்ள வேலை. டிராக்டர் வைத்துச் செய்யும் விவசாய வேலையும் உண்டு, ஆழ்துளைக் கிணறு போடும் வேலையும் உண்டு. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். மேஸ்திரி பேச்சைக் கேட்டு அந்த இரண்டு வருஷத்தைத் தொலைத்தவர்கள் நம்ம வட்டத்தில் நிறைய.

சங்கம் மனு போட்டது. ஆலைத் தரப்பு வக்கீல் பதில் போட்டார். அந்தப் பதிலை ஊர் ஊராக வாசித்துக் காட்ட வேண்டும், அத்தனை அழகு!

ஒன்று, 'இவர் எங்கள் ஆளே இல்லை, மேஸ்திரியின் ஆள்' என்றார். ஆலைக்குள், ஆலையின் மூட்டையை, ஆலையின் லாரியில் ஏற்றியவன் யார் ஆள்? ஒப்பந்தக்காரர் மூலம் வந்தாலும், அந்த வேலை ஆலைத் தொழிலின் பகுதியாக இருந்து, ஆலை வளாகத்திலேயே நடந்தால் ஆலைதான் பொறுப்பு. ஆலை வேண்டுமானால் பிறகு மேஸ்திரியிடம் வசூல் செய்துகொள்ளட்டும், அது அவர்கள் பாடு. இரண்டு, 'குடித்திருந்தார்' என்றார். காலை 7 மணிக்கு! குடிதான் காயத்துக்கு நேரடிக் காரணம் என்று நிரூபிக்கிற பொறுப்பு அவர்களுடையது. சாவுக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் அந்தச் சாக்கும் எடுபடாது. சாட்சி ஒருவரும் வரவில்லை. அந்த வாதம் அத்தோடு செத்தது.

மூன்றாவதுதான் விஷம். 'மனுதாரரின் எக்ஸ்ரேயில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் தெரிகிறது. இது வயது காரணமாக வரும் நோய். விபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.'

தோழர்களே, 15 வயசிலிருந்து மூட்டை சுமந்தவனின் முட்டியில் தேய்மானம் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? தேய்மானம் கொடுத்ததும் அவர்கள் வேலை, விழ வைத்ததும் அவர்கள் பலகை. கடைசியில் பழி மட்டும் வயசு மேலேயா? அந்த வக்கீலுக்கும் 50 வயசு இருக்கும். அவர் முட்டி ஏன் தேயவில்லை?

இதற்கு நாம் சொன்ன பதில் எளிமையானது. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் இதே முட்டியோடு இவர் மூட்டை தூக்கினார், ஆலையின் கூலி நோட்டே அதற்குச் சாட்சி. எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாமல் வேலை செய்கிறவர்கள் ஏராளம், எந்த எலும்பு டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். ஏற்கெனவே இருந்த நோயை வேலையோ வேலையில் நடந்த விபத்தோ முற்ற வைத்தாலும் முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. ஆகவே எக்ஸ்ரேயில் 'தேய்மானம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்து யாரும் வழக்கை விட்டுவிடாதீர்கள்.

இதற்கு நடுவில்தான் நம் ஆளே ஒரு தப்பு செய்தார். தப்புக்குக் காரணம் கோர்ட்டு வாசலில் சுற்றுகிற ஒரு தரகர். "கேஸ் முடியற வரைக்கும் நடக்காதே, வெளியே தலை காட்டாதே. நீ நடக்கிறதை அவங்க போட்டோ எடுத்துட்டா கேஸ் போச்சு" என்று சொல்லிவிட்டார். சங்கத்துக்கும் இது தெரியாது. ஏழெட்டு மாசம் கயிற்றுக்கட்டிலே கதி. பார்க்கப் போனபோது தொடை சூம்பிப்போய், கால் கரும்புத் தட்டை மாதிரி இருந்தது. கிழிந்த ஜவ்வு கெடுத்ததைவிட அந்தக் கட்டில் கெடுத்தது அதிகம். முட்டியைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. அது வற்றிப்போனால் உடம்பின் பாரம் முழுக்க மூட்டின் மேலேயே இறங்கும். தேய்மானம் உள்ள முட்டிக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதன் பிறகு ஒருநாள் பிசியோதெரபி செய்கிற அம்மா ஒருவர் அந்தத் தெருவுக்கு வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து, "அண்ணே, உங்களுக்குக் கால் வேணுமா, கேஸ் வேணுமா?" என்று கேட்டார். ரெண்டும் வேணும் என்றார் நம்ம ஆள். அந்தப் பதிலைத்தான் சங்கமும் சொல்கிறது. ரெண்டும் வேணும்! ஒன்றுக்காக ஒன்றை விட வேண்டியதில்லை.

அந்த அம்மா சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறோம், ஏனென்றால் இது நம்ம எல்லார் முட்டிக்கும் ஆகும். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியால் துண்டைக் கீழே அழுத்த வேண்டும். தொடை இறுகும். பத்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும், இப்படிப் பத்துத் தடவை. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மறு காலை நேராக ஒரு ஜாண் தூக்கிப் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். கொஞ்சம் தேறியதும் கட்டிலிலோ பெஞ்சிலோ உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். அப்புறம் ஒரு செங்கல் உயரப் படியில் ஏறி இறங்குவது. தார்ரோட்டு ஓரமாக நடை. வரப்பு வேண்டாம், வழுக்கும். இதற்குச் செலவு ஒரு பழைய துண்டு.

முதல் இரண்டு வாரம் வலிக்கும். வலித்தால் தேய்ந்துவிடும் என்று பயந்து விட்டுவிடுகிறோம். செய்யும்போது கொஞ்சம் வலித்து, மறுநாள் அடங்கிவிட்டால் பயமில்லை, தொடருங்கள். மறுநாளும் அடங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள். முட்டி வீங்கிச் சுட்டாலோ, மடக்கிய கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டாலோ டாக்டரிடம் போங்கள். அடிபட்ட கால் என்றால் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். பலன் தெரிய இரண்டு மூன்று மாசம் ஆகும். நாற்று விட்ட மறுநாளே கதிரைத் தேடுகிறவனா விவசாயி?

"நாள் முழுக்கக் குந்திக் களை எடுக்கறோம், மூட்டை தூக்கறோம், இதுக்கு மேல என்னங்க எக்சர்சைஸ்?" என்று நம்ம பெண்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஏர் மாட்டை அடித்து ஓட்டுவது வேறு, தீனி வைத்துத் தேற்றுவது வேறு. குந்துகிற வேலை ஒரே மூட்டை ஒரே கோணத்தில் மணிக்கணக்கில் நசுக்குகிறது. பயிற்சி அந்த மூட்டைத் தாங்குகிற தசையை வளர்க்கிறது. உடம்பு கனத்தவர்கள் இன்னொன்றும் செய்யலாம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் முட்டியின் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து 2005-இல் சொன்னார்கள்.

இதைச் சொல்லாமல் நம்மை எங்கே அனுப்புகிறார்கள்? டவுனில் 'ஜெல் ஊசி' என்று ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டி 2022-இல் அந்த ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பயிற்சியைத்தான் எல்லாருக்கும் முதலில் வைத்தது. தேய்ந்த முட்டிக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டுகிற ஆபரேஷனும், தோலை மட்டும் கீறித் தைத்துவிட்ட பொய் ஆபரேஷனும் ஒரே பலனைத்தான் தந்தன என்று 2002-லேயே அமெரிக்காவில் 180 பேரை வைத்துச் சோதித்துக் காட்டிவிட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் முழுங்குகிற வலி மாத்திரை வயிற்றையும் கிட்னியையும் காலி பண்ணும். எண்ணெய் தேய்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை, இதமாக இருக்கும். தசை வளராது, அவ்வளவுதான்.

சரி, வழக்குக்கு வருவோம். நம்ம ஆள் தினம் காலையில் ரோட்டோரம் நடக்க ஆரம்பித்தார். தரகர் சொன்னபடியே போட்டோ எடுத்தார்கள்! டீக்கடை வரை நடந்து போகிற போட்டோ. குறுக்கு விசாரணையில் வக்கீல் அதை நீட்டி, "நீங்கள் தினமும் நடக்கிறீர்கள்தானே?" என்று கேட்டார். நம்ம ஆள் சொன்னார்: "நடக்கிறேங்க. டாக்டர் நடக்கச் சொன்னாரு. மூட்டை தூக்கிப் பலகை ஏற முடியலைங்க."

இந்த ஒரு பதில் பத்து வக்கீலுக்குச் சமம். ஏனென்றால் சட்டம் கேட்பது நடக்கிறாயா, படுத்திருக்கிறாயா என்று இல்லை. சம்பாதிக்கிற திறன் எவ்வளவு போனது என்றுதான் கேட்கிறது. ஒரு சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்த தச்சர் 1968-இல் விழுந்து, அவருடைய இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கைதானே போச்சு என்று வாதாடினார்கள். ஒரு கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் சொல்லிவிட்டது. அவர் நடந்தாரா, சாப்பிட்டாரா என்று யாரும் பார்க்கவில்லை. தச்சு வேலை செய்ய முடியுமா என்று பார்த்தார்கள்.

பயிற்சி செய்தால் வழக்கு தோற்காது. மாறாக, டாக்டர் சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் பழைய வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அந்த இழப்பு உண்மையானது என்பதற்கு அதுவே சாட்சி. செய்யாமல் படுத்துக் கிடந்தால், 'இவரே காலைக் கெடுத்துக்கொண்டார்' என்று சொல்ல அவர்களுக்கு வாய் கிடைக்கிறது. அதனால் என்றைக்குப் பிசியோதெரபி, என்ன பயிற்சி, எத்தனை நாள் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள்.

2024-இல் தீர்ப்பு வந்தது. கணக்கைச் சொல்கிறோம், எல்லாரும் போட்டுப் பாருங்கள். மாதக் கூலி 10,000 என்று எடுத்துக்கொண்டார்கள். அதில் 60 சதவீதம் 6,000. வயசு 50-க்குச் சட்டம் வைத்திருக்கிற பெருக்கும் எண் 153.09. பெருக்கினால் 9,18,540. சம்பாதிக்கும் திறன் இழப்பு 30 சதவீதம் என்று வைத்ததால் 2,75,562 ரூபாய். வருஷத்துக்கு 12 சதவீத வட்டி வேறு, அதாவது வருஷம் 33,067. 5,000 ரூபாயில் முடிக்கப் பார்த்த விவகாரம்!

ஆனால் சங்கம் கோட்டை விட்ட இடமும் இருக்கிறது, மறைக்க மாட்டோம். டாக்டர் சர்டிபிகேட்டில் எழுதிய 30 சதவீதம் காலின் ஊனக் கணக்கு. லோடுமேனாக இருந்தவருக்கு அந்த வேலையே போன பிறகு சம்பாத்திய இழப்பு 30-தானா? இவருடைய வேலை என்ன, அதை இனிச் செய்ய முடியுமா என்று டாக்டரைக் கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அடுத்த வழக்கில் விட மாட்டோம். டாக்டரிடம் போகும்போதே, செய்துகொண்டிருந்த வேலை என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

இன்னொரு கசப்பான விஷயம். ஆலை முதலாளியைத் திட்டும்போது கைதட்டுகிற நாமும் ஆள் வைக்கிறவர்கள்தான். மூணு ஏக்கர்காரன் வீட்டிலும் டிராக்டர் இருக்கிறது, கதிரடிக்கிற மெஷின் வாடகைக்குப் போகிறது. போன வருஷம் டிராக்டர் வைத்திருக்கிற நம் உறுப்பினர் ஒருவர், டிரெய்லரிலிருந்து விழுந்த பையனுக்குப் பத்தாயிரம் கொடுத்து "முடிச்சு விடுங்க செயலாளரே" என்று வந்தார். முடித்து விடவில்லை. அன்றிலிருந்து அவர் சந்தா கட்டுவதில்லை, பரவாயில்லை. டிராக்டர் பாலிசி டிரைவருக்கு மட்டுமா, கூட வரும் ஆட்களுக்கும் சேர்த்தா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆட்களைச் சேர்த்துப் பிரீமியம் கட்டுங்கள். ஆலைக்காரனிடம் கேட்கிற நியாயத்தை நம்ம களத்தில் கொடுக்காவிட்டால் நம்ம கோஷத்தை எவன் மதிப்பான்?

விழுந்தவன் கதை இது. விழாமலே தேய்ந்தவர்கள் கதை இன்னும் மோசம். தொழில்நோய்ப் பட்டியல் என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. கரும்புச் சக்கைத் தூசியால் வருகிற நுரையீரல் நோய் அதில் உண்டு, இருக்க வேண்டியதுதான். அந்தக் கரும்பை வெட்டிச் சுமந்தவன் முட்டி அதில் இல்லை. முப்பது வருஷம் களைக்கொட்டும் கையுமாகக் குந்திய தாய்மார்களின் முட்டியும் இல்லை. உலகத்தில் எங்கேயுமே இல்லையா? இருக்கிறது. முட்டி போட்டும் குந்தியும் செய்கிற வேலையால் வருகிற முழங்கால் தேய்மானத்தை ஜெர்மனி 2009-இல் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. வேலைக்காலம் முழுவதும் சேர்த்து 13,000 மணி நேரம், ஒரு ஷிப்டுக்கு ஒரு மணி நேரமாவது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அதே 2009-இல் கிடைத்தது.

நம்ம கணக்கைப் போடுவோம். ஒரு பெண் நாளைக்கு 5 மணி நேரம் குந்திக் களை எடுக்கிறாள், வருஷத்துக்கு 130 நாள். 650 மணி நேரம். இருபது வருஷத்தில் 13,000. பதினஞ்சு வயசில் களைக்கொட்டு பிடித்தவள் முப்பத்தஞ்சு வயசில் ஜெர்மனிக் கணக்கைத் தாண்டிவிடுகிறாள்! இங்கே அவளுக்குக் கிடைப்பது 'வயசாயிடுச்சில்ல ஆத்தா' என்கிற பேச்சு.

ஆகவே மத்திய மாநில அரசுகளைக் கேட்கிறோம். குந்தியும் சுமந்தும் செய்கிற வேலையால் வரும் முழங்கால் தேய்மானத்தைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்! அரசிதழில் ஓர் அறிவிப்புப் போட்டால் முடிகிற வேலை இது. நம்ம வட்டாரம் முழுக்க ஒரே பிசியோதெரபிக்காரர் அலைகிறார், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவரைப் போடு! குந்தாமல் நின்றபடி களை எடுக்கிற கருவிகளைப் பெண்களுக்கு இலவசமாகக் கொடு! இழப்பீட்டு விசாரணையைத் தாலுகா தலைநகரில் முகாம் போட்டு நடத்து! ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழந்து நொண்டிக்கொண்டு போகிறவன் எத்தனை வாய்தா தாங்குவான்?

தொழிலாளர் துறை அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம். தேதியைக் கிளைக் கூட்டங்களில் அறிவிக்கிறோம். வேலையில் அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, கூலி வாங்கிய நோட்டு எதுவிருந்தாலும் கையோடு எடுத்து வாருங்கள், அங்கேயே மனு எழுதித் தருகிறோம். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டவர்களும் தயங்காமல் வாருங்கள். முட்டி வலி உள்ளவர்கள் தரையில் உட்கார வேண்டாம், பெஞ்சு போடச் சொல்லியிருக்கிறோம்.

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்